சீனாவா, ஜெர்மனியா? பேரனின் காற்றுத் துப்பாக்கியும் ஒரு பழைய காம்பஸும்



போன வாரம் நான் போட்ட படத்துக்கு வந்த கமெண்டுகளை எல்லாம் படித்தேன். "டீச்சர் கையில பிரம்பு பாத்திருக்கோம், இப்ப துப்பாக்கியா!" என்று ஒருவன். "சித்தி, லண்டன் போய் ரவுடி ஆயிட்டீங்களா?" என்று என் அக்கா மகள். லண்டன் இல்லை அம்மா, பர்மிங்காம். மகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. கையில் இருந்தது காற்றுத் துப்பாக்கி. சித்திரைத் திருவிழாவில் பலூன் சுடுவோமே, அதன் பெரியண்ணன்.

துபாயில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் மட்டும் விளையாட்டாக இல்லாமல் கேட்டான்: "டீச்சர், சைனா மாடல் கால்வாசி விலைக்குக் கிடைக்குது. ஜெர்மன் மாடலுக்கு ஏன் அவ்வளவு கொடுக்கணும்? எல்லாம் ஒரே இரும்புதானே?" நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் பி.எஸ்.ஏ. சைக்கிள் ஓட்டித்தான் பள்ளிக்கூடம் போனோம். அந்த மூன்று எழுத்தின் விரிவு "பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்" என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். 1861-ல் இந்த ஊர்த் துப்பாக்கித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. துப்பாக்கி செய்த கை பிறகு சைக்கிளும் மோட்டார் பைக்கும் செய்தது. அந்தப் பெயரில் காற்றுத் துப்பாக்கி இன்றும் வருகிறது. ஆனால் 1986 முதல் அது ஸ்பெயின் நாட்டு காமோ கம்பெனிக்குச் சொந்தம்.

இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் சக்திக்குள் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் சுட்டால் 21 வயதான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து லைசென்ஸ் கட்டாயம். ஜெர்மனியில் 7.5 ஜூலைத் தாண்டினால் அனுமதி வேண்டும். ஆக, இது இங்கே விளையாட்டுச் சாமானும் இல்லை, போர்க் கருவியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய்க் காகிதத்தில் வட்டம் பார்த்துச் சுடுகிறார்கள். என் பேரனுக்கு 13 வயது. அவனுக்கு இதில் ஆசை வந்தது. மாப்பிள்ளை 110 பவுண்டு கொடுத்து ஒரு சீனத் துப்பாக்கி வாங்கினார். அதே கடையில் ஜெர்மன் துப்பாக்கியின் விலை 400 பவுண்டைத் தொட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? பழைய வழக்கம், போர்டில் வரைந்து காட்டாமல் இருக்க முடியாது. உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங், அதன் முன்னால் ஒரு பிஸ்டன். குழலைக் கீழே மடக்கினால் ஸ்பிரிங் அமுங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ட்ரிக்கரை இழுத்தால் கொக்கி விடுபடும். பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அழுத்தும். அந்தக் காற்று ஈயக் குண்டைத் தள்ளும். நம் சைக்கிள் பம்ப்பை ஒரே குத்தாகக் குத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் இல்லை, வெடிமருந்து இல்லை.

கேட்க எளிது. ஆனால் சுடுவதற்குக் கஷ்டமான துப்பாக்கி இதுதான் என்கிறார்கள். காரணம் நியூட்டனின் மூன்றாம் விதி. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் முட்டும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கும். இந்த இரட்டை ஆட்டம் எல்லாம் குண்டு குழலை விட்டு வெளியேறும் நேரத்தை ஒட்டியே நடந்து முடிகிறது. அதனால் இறுக்கிப் பிடித்தால் கெட்டது. பூனைக்குட்டியைத் தாங்குவதுபோலத் தளர்வாகப் பிடித்து, அது தன் போக்கில் குதிக்க விட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிக் குதிக்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் மூன்று ஞாயிறும் பேரன் 25 மீட்டரில் சுட்ட ஐந்து குண்டும் ஐந்து திசையில் போயின. ஒரு சாசர் வைத்தாலும் மூட முடியாது. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, முப்பத்தைந்து வருஷம் சொன்னதையே சொன்னேன். "கவனம் வேணும்டா. மனசு எங்கேயோ இருக்கு. மூச்சை அடக்கு." அவனும் அடக்கிப் பார்த்தான். நான்காம் வாரம், "எனக்கு இது வராது அம்மாச்சி, விட்டுடலாம்" என்றான். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்தக் கிளப்பில் ஒரு பெரியவர். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர். இரண்டு வாரமாக ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்று எழுந்து வந்தார். பேரனின் துப்பாக்கியை வாங்கி அவரே ஐந்து குண்டு சுட்டார். அவருக்கும் சிதறியது. பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் துப்பாக்கியை எடுத்துப் பேரன் கையில் கொடுத்தார். வைராக் கம்பெனியின் எச்.டபிள்யூ. 35. 1951-ல் வந்த மாடல். அவர் வைத்திருந்தது நாற்பது வருஷப் பழசு. பேரன் மேஜையில் கையை ஊன்றிச் சுட்டான். ஐந்து குண்டையும் ஒரு டீ கிளாஸின் வாயால் மூடிவிடலாம்.

பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பேச வரவில்லை.

அடுத்த வாரம் பெரியவர் தன் வீட்டுப் பட்டறையில் அந்தச் சீனத் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டினார். அமுங்கிய ஸ்பிரிங்கை அவிழ்ப்பது ஆபத்தான வேலை. அதற்கென்று கிளாம்ப் வைத்திருக்கிறார். நீங்கள் யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். உள்ளே நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, கிரீஸ். அல்வா மாதிரி அப்பியிருந்தது. பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் இருந்தால் காற்று அமுங்கும்போது உண்டாகும் சூட்டில் அது டீசல் எஞ்சினில் போலப் பற்றிக்கொள்ளும். ஒரு குண்டு வேகமாகப் போகும், அடுத்தது மெதுவாகப் போகும். வேகம் அளக்கும் கருவியில் பெரியவர் பத்துக் குண்டு சுட்டுக் காட்டினார். அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவே விநாடிக்கு 20 மீட்டர் வித்தியாசம். அவருடைய துப்பாக்கியில் 3 மீட்டர்தான்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. காற்றின் தடையை விட்டுவிடுங்கள். 240 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 25 மீட்டர் தூரத்தில் 5.3 செ.மீ. கீழே இறங்கும். 220 மீட்டர் வேகத்தில் போனால் 6.3 செ.மீ. அதாவது பிள்ளை அசையாமல் சுட்டாலும் ஒரு செ.மீ. பிழை துப்பாக்கியே போட்டுவிடுகிறது.

இரண்டு, சிலிண்டரின் உட்பக்க விளிம்புகள். அரம் போட்டு மழுக்காமல் விட்டிருந்தார்கள். பிஸ்டனின் முனையில் உள்ள சீல், மாட்டும்போதே அதில் உரசி நறுக்குப்பட்டிருந்தது.

மூன்று, ஸ்பிரிங்கின் நடுவில் நிற்கும் கைடு தொளதொளவென்று இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு முறை சுடும்போதும் தம்புராத் தந்தி அறுந்ததுபோல ஒரு சத்தம்.

நான்கு, ட்ரிக்கர். இழுத்துக்கொண்டே போக வேண்டும், எப்போது விடுபடும் என்று தெரியாது. மணல் அரைபடுவதுபோல இருக்கும். வைராக்கின் ரெகார்டு ட்ரிக்கரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். முதல் கட்டம் லேசாக வரும், ஒரு இடத்தில் நிற்கும், அங்கிருந்து மெல்ல அழுத்தினால் கண்ணாடிக் குச்சி உடைவதுபோல விடுபடும். எனக்கே வித்தியாசம் தெரிந்தது, எனக்கு விரலில் வாதம் வேறு.

ஐந்துதான் பெரியது. குழல் மடங்கும் இடத்தில் உள்ள போல்ட் தளர்வு. மூடிய பிறகும் குழல் இம்மி ஆடியது. தொலைநோக்கி உடம்பின் மேல் இருக்கிறது, குழல் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காருகிறது. எட்டாம் வகுப்பு ஒத்த முக்கோணம் நினைவிருக்கிறதா? குழலின் நீளம் 40 செ.மீ. நுனி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் 6 செ.மீ. விலகும்! எச்.டபிள்யூ. 35-ல் குழலை மூடியதும் பூட்டிக்கொள்ள ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு "சைனா சாமானே இப்படித்தான்" என்று யாரும் கமெண்டு போடாதீர்கள். அது சோம்பேறித் தீர்ப்பு. இரும்பில் குறை இல்லை. குழலின் உள்ளே வெட்டிய முறுக்குவரிகளைப் பெரியவர் விளக்குப் பிடித்துப் பார்த்து, "இது நல்ல குழல்" என்றார். ஒலிம்பிக்கில் சீனா வாங்கிய முதல் தங்கமே 1984-ல் துப்பாக்கி சுடுவதில்தான். அந்த மக்களுக்குத் துல்லியம் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

சீனாவின் பாம் கம்பெனி செய்த பி40 என்று ஒரு துப்பாக்கி. இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் செய்யும் டி.எக்ஸ். 200-ஐப் பார்த்து அப்படியே செய்தது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பி40 நன்றாகச் சுடுகிறது என்று சொன்னவர்களும் உண்டு. ஆக, மனசு வைத்தால் அவர்களாலும் முடியும்.

ஐரோப்பா என்றாலே உசத்தியும் இல்லை. அங்கேயும் விலை குறைந்த மாடல்களில் பிளாஸ்டிக்கும் கரடுமுரடான ட்ரிக்கரும் உண்டு. பெயரை நம்பியும் வாங்க முடியாது. வெப்லி என்றால் பர்மிங்காம் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமைப்படுவார்கள். 2005-ல் இங்கே பட்டறையை மூடிவிட்டார்கள், தயாரிப்பு துருக்கிக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் பீமன் என்ற ஒரே பெயரில் வைராக் செய்த ஜெர்மன் துப்பாக்கியும் விற்றது, சீனத் துப்பாக்கியும் விற்றது. முத்திரையைப் பார்க்காதே, எந்தப் பட்டறையில் செய்தது என்று கேள்.

அப்படியானால் அந்த 300 பவுண்டு எதற்கு? என் கருத்து இதுதான். கடைசி ஒரு மணி நேர வேலைக்கு. விளிம்பை மழுக்குவது, கிரீஸைத் துடைப்பது, போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் வைப்பது, ட்ரிக்கரைத் தேய்த்துப் பார்ப்பது, சுட்டுப் பார்த்துச் சரியில்லாததை ஒதுக்குவது. ஜெர்மன் தொழிற்சாலை அதைச் செய்து, அதற்குக் காசு வாங்குகிறது. மலிவுத் துப்பாக்கி அந்த வேலையை வாங்குபவன் தலையில் கட்டிவிடுகிறது. விலை குறையவில்லை, வேலை கைமாறியிருக்கிறது.

மாப்பிள்ளை இதற்கு ஒரு பதில் சொன்னார். "அத்தை, அதையும் நாமே செஞ்சா மிச்சம்தானே? பெரியவர் செஞ்சு காட்டிட்டாரே!" உண்மைதான். இரண்டு மாலைப்பொழுது உட்கார்ந்து சுத்தம் செய்து, விளிம்பை மழுக்கி, புது சீல் போட்டு, போல்ட்டை இறுக்கிய பிறகு அதே சீனத் துப்பாக்கியில் பேரனின் வட்டம் பாதியாகச் சுருங்கிவிட்டது. அந்த வேலையில் மாப்பிள்ளைக்கு ஒரு தனி சந்தோஷம், அதையும் நான் குறை சொல்லவில்லை. நோண்டிப் பார்த்துக் கற்க விரும்பும் பெரியவர்களுக்கு மலிவுத் துப்பாக்கி ஒரு நல்ல பாடப்புத்தகம்.

ஆனால் யோசியுங்கள். மலிவானதை யார் வாங்குகிறார்கள்? புதிதாகக் கற்க வருபவன். அதைச் சரிசெய்ய யாருக்குத் தெரியும்? முப்பது வருஷம் பழகியவருக்கு. அவரோ அதை வாங்குவதில்லை. குறையுள்ள கருவி எப்போதும் குறையைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் கைக்கே போய்ச் சேருகிறது. குண்டு விலகினால் அவன் துப்பாக்கியைச் சந்தேகப்படுவதில்லை, தன்னைத்தான் சந்தேகப்படுகிறான். பழகியவன் மோசமான துப்பாக்கியிலும் ஒப்பேற்றிவிடுவான். கற்பவனுக்குத்தான் நல்லது வேண்டும். நாம் நேர்மாறாகச் செய்கிறோம். "முதல்ல இதுல பழகட்டும், வந்தா நல்லது வாங்கலாம்" என்கிறோம். இதில் வராமல் போவதற்குக் காரணமே இதுவாக இருந்தால்?

அதனால் துபாய்த் தம்பிக்கு என் பதில்: 110 பவுண்டுக்குப் புதுச் சீனத் துப்பாக்கி வாங்குவதைவிட, இன்னும் கொஞ்சம் சேர்த்து, நல்ல பட்டறையில் செய்த பழைய ஐரோப்பியத் துப்பாக்கியை வாங்கு. நாங்கள் கடைசியில் 180 பவுண்டுக்கு அப்படி ஒன்று வாங்கினோம். வைராக், டயானா போன்றவற்றின் பழைய மாடல்களுக்குக்கூட ஸ்பிரிங்கும் சீலும் கிடைக்கின்றன. மலிவு மாடலில் அடுத்த வருஷம் மாடலே மாறிவிட்டால் உதிரிபாகத்துக்கு எங்கே போவது? வாங்கும்போது குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ட்ரிக்கரின் நிறுத்தம் தெளிவாகத் தெரிகிறதா பார். சுடும்போது தந்தி அறுந்த சத்தம் வருகிறதா கேள். கடைசியாக, அது சீனத் துப்பாக்கியாகவே இருந்து இந்த மூன்றிலும் தேறினால், தயங்காமல் வாங்கு. ஆனால் உன் ஊரிலும் நம் ஊரிலும் சட்டம் என்ன என்று கேட்காமல் எதையும் வாங்காதே. மயிலையும் கொக்கையும் சுட்டுவிட்டு வந்து நிற்காதே, 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் சும்மா விடாது!

இன்னொன்று, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சில மாடல்களில் குழல் மடங்காது. பக்கத்திலோ அடியிலோ ஒரு நெம்புகோல் இருக்கும், அதை இழுத்தால் சிலிண்டர் பின்னால் நகரும், அந்த இடைவெளியில் விரலைவிட்டுக் குண்டைப் போட வேண்டும். அந்த நேரத்தில் கொக்கி நழுவினால் பாக்குவெட்டிதான். டி.எக்ஸ். 200-ல் இதைத் தடுக்கப் பல்சக்கரப் பூட்டு வைத்திருக்கிறார்கள். பழைய சீன நெம்புகோல் மாடல்களில் விரலை இழந்தவர்கள் உண்டு என்று கிளப்பில் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். எந்த நாட்டுத் துப்பாக்கியானாலும் குண்டு போடும்போது இன்னொரு கை நெம்புகோலை விடவே கூடாது. துப்பாக்கியில் மிச்சம் பிடிக்கலாம், பிள்ளையின் விரலில் மிச்சம் பிடிக்க முடியாது.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன்.

அந்தத் தளர்ந்த போல்ட்டைப் பெரியவர் காட்டிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவனும் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறவன்தான். வட்டம் வரையச் சொன்னால் அவன் தொடங்கிய இடமும் முடித்த இடமும் சேராது. நத்தை ஓடு மாதிரி உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறையும், "கவனம் இல்லை, கை நடுங்குது, கண்டதையும் தின்னுட்டு வர்றே" என்று திட்டியிருக்கிறேன். ஒருநாள் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தும் இருக்கிறேன். அவன் காம்பஸை ஒருமுறைகூட நான் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. சந்தையில் வாங்கிய தகரக் காம்பஸ். அதன் ஆணி தளர்ந்து கால் அகன்றுகொண்டோ சுருங்கிக்கொண்டோ இருந்திருக்கும். டாக்டர் பிள்ளையின் வட்டம் அழகாகச் சேர்ந்தது. நல்ல பித்தளைக் காம்பஸ் அது. நான் அந்தக் காம்பஸுக்கு மார்க் போட்டுவிட்டுப் பிள்ளைக்குப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கரும்பலகையில் எழுதுவது முதல் குழந்தை மனவியல் வரை சொல்லிக்கொடுத்தார்கள். "பிழை வந்தால் முதலில் கருவியைப் பார், பிறகு பிள்ளையைப் பார்" என்று நான் எனக்கே சொல்லிக்கொள்ள அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

தம்பி, இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துக்கொள். உன் கையில் குறை இல்லையடா. நீ இப்போது வெல்டிங் பட்டறை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் பட்டறையில் வேலை கற்க வரும் பையனுக்கு ஓட்டை உடைசலைக் கொடுக்காமல் நல்ல டூல்ஸையே முதலில் கொடு. எனக்கு அது போதும்.

பேரன் இப்போது ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருக்கிறான். நானும் ஐந்து குண்டு சுட்டேன். மூன்று வட்டத்துக்குள், இரண்டு எங்கே போயின என்று தெரியவில்லை. அதற்கு மட்டும் கருவியைக் குறை சொல்ல மாட்டேன்!

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், உங்கள் வகுப்பில் யாருடைய காம்பஸ் தளர்ந்திருக்கிறது?

எல்லோருக்கும் என் ஆசிகள்.
உங்கள் கணக்கு டீச்சர்